கூரைக்குக் கீழே ஆட்டம், வாடகைக்கு லென்ஸ்

வாலிபால் ஆடும் பெண் ஒருத்தியின் படம் என்னிடம் இருக்கிறது. வலைக்கு மேலே எழும்பி, பந்தை அடிக்கக் கையை வீசுகிறாள். முகம் ஓரளவு தெரிகிறது, பறக்கும் பின்னல் தெரிகிறது. வலது முழங்கையும் அதற்கு அப்பால் உள்ள கையும் மட்டும் இல்லை. அந்த இடத்தில் பழுப்பாக ஒரு புகை. பந்து வெறும் மஞ்சள் கோடு. படத்தை எடுத்தவன் நான். கேமரா நல்ல கேமரா. வாடகைக்கு எடுத்துப்போன 70-300 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸிலும் எந்தக் கோளாறும் இல்லை. அந்த அரங்கத்துக்கு அது பொருந்தாத லென்ஸ், அவ்வளவுதான். அந்த ஒரு அடிக்காக அந்தப் பெண் எத்தனை விடியற்காலைகளை மைதானத்தில் கழித்திருப்பாள் என்று நினைத்தால் இன்றும் மனசு ஆறுவதில்லை.

பள்ளி, கல்லூரி ஆட்டங்களைப் படம் எடுக்கப் புதிதாகக் கிளம்பும் தம்பிகள் பலர் வாடகைக் கடையில் இதே தவறைச் செய்வதைப் பார்க்கிறேன். "அண்ணா, இன்டோர் மேட்ச். நல்ல பெரிய ஜூமா ஒண்ணு குடுங்க" என்பார்கள். கடைக்காரரும் எடுத்துக் கொடுத்துவிடுவார். ஜூம் எவ்வளவு தூரம் இழுக்கும் என்பது இரண்டாவது கேள்வி. அரங்கத்தில் வெளிச்சம் எவ்வளவு, நீங்கள் உட்காரப்போகும் இடம் எது என்பதுதான் முதல் கேள்வி. லென்ஸைக் கடையில் தேர்ந்தெடுக்க முடியாது. அரங்கத்தில்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் வெளிச்சத்தைப் பார்ப்போம். உள்ளரங்கத்துக்குள் நுழைந்தால் நம் கண்ணுக்கு எல்லாம் பளிச்சென்றுதான் தெரியும். கண் நம்மை ஏமாற்றுகிறது. உச்சி வெயிலில் தரையில் விழும் ஒளி ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ். சாதாரணக் கல்லூரி உள்ளரங்கத்தில் அது 300 லக்ஸ் அளவில் இருக்கும். முந்நூறில் ஒரு பங்கு! கண்மணி விரிந்து, விழித்திரையும் தன்னைச் சரிசெய்துகொள்வதால் இந்த வித்தியாசம் நமக்கு உறைப்பதில்லை. கேமராவுக்கு அந்த வசதி கிடையாது. அதற்குக் கிடைப்பது அந்த முந்நூறில் ஒரு பங்குதான்.

அந்த அரைகுறை வெளிச்சத்தில் நாம் நிறுத்திப் பிடிக்க நினைப்பது என்ன? வீசும் கை. அந்தக் கை வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போகிறது என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். ஷட்டர் 1/60 வினாடி திறந்திருந்தால் அதற்குள் கை 16 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். என் படத்தில் இருந்த புகை அதுதான். 1/500 வினாடி என்றால் 2 சென்டிமீட்டர். 1/1000 என்றால் 1 சென்டிமீட்டர். அப்போதுதான் விரல் விரலாகத் தெரியும். கபடிக்கு 1/500 வைத்தே ஓரளவு சமாளித்துவிடலாம். வாலிபாலுக்கும் பாட்மின்டனுக்கும் 1/1000 வேண்டும். சிலர் லென்ஸில் உள்ள நடுக்கத்தடுப்பு வசதியை நம்பி ஷட்டரைக் குறைத்துவிடுவார்கள். அது நம் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும்; ஆடுகிறவரின் கையை அது நிறுத்தாது.

1/60-இலிருந்து 1/1000-க்குப் போனால் கேமராவுக்குள் வரும் ஒளி பதினாறில் ஒரு பங்காகக் குறையும். அதை எங்கிருந்து ஈடுகட்டுவது? ஃபிளாஷ் போடக் கூடாது. போட்டி நடத்துபவர்கள் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. அனுமதித்தாலும் வேண்டாம் என்பேன். இறகுப்பந்தை அண்ணாந்து பார்த்து நிற்கும் பிள்ளையின் கண்ணில் வெளிச்சத்தை அடிப்பது அநியாயம். அடுத்த வழி ஐஎஸ்ஓவைக் கூட்டுவது. இதில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். ஐஎஸ்ஓ வெளிச்சத்தை உண்டாக்காது. வந்த வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டும், அவ்வளவே.

முற்றத்தில் நூறு டம்ளர்களை வரிசையாக வைத்திருக்கிறீர்கள். லேசாகத் தூறுகிறது. ஒரு டம்ளரில் நாலு சொட்டு, பக்கத்து டம்ளரில் ஏழு, அடுத்ததில் இரண்டு. எல்லா இடத்திலும் ஒரே தூறல்தான், ஆனால் டம்ளருக்கு டம்ளர் கணக்கு வேறு. கனமழை கொட்டினால் எல்லா டம்ளரும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு நிரம்பும். கேமராவின் சென்சாரில் உள்ள கோடிக்கணக்கான புள்ளிகளும் இப்படித்தான் ஒளித்துகள்களை ஏந்துகின்றன. வெளிச்சம் குறைந்தால் அந்த ஏற்றத்தாழ்வு மணல் மணலாகப் படத்தில் தெரிகிறது. இன்றைய கேமராக்கள் 3200, 6400 வரை நன்றாகவே தாங்கும். இருந்தாலும் மழையைக் கூட்டுவதுதான் சரியான வழி. மழையைக் கூட்டுவது லென்ஸின் வேலை.

லென்ஸின் மேல் எஃப் 2.8, எஃப் 4 என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எஃப் என்பது அந்த லென்ஸின் குவியத் தூரம். அதை அந்த எண்ணால் வகுத்தால் ஒளி புகும் வாசலின் விட்டம் கிடைக்கும். அதனால்தான் எண் சிறுக்கச் சிறுக்க வாசல் பெருக்கிறது. எஃப் 5.6-ஐ விட எஃப் 2.8 நான்கு மடங்கு ஒளியை விடும். எஃப் 1.8 ஏறக்குறைய பத்து மடங்கு. நான் எடுத்துப்போன 70-300 லென்ஸில் 'எஃப் 4-5.6' என்று எழுதியிருந்தது. ஜூமை இழுக்க இழுக்க வாசல் எஃப் 5.6-க்குச் சுருங்கிவிடும் என்று அதற்குப் பொருள். எழுத்து கண்ணெதிரே இருந்தது, பொருள்தான் எனக்கு அன்று தெரியவில்லை.

இந்தச் சின்ன வகுத்தல் கணக்கு கடையில் உள்ள முழு அலமாரியையும் விளக்கிவிடுகிறது. 70-200 எஃப் 2.8 லென்ஸ் ஏன் அவ்வளவு தடிமன்? 200-ஐ 2.8-ஆல் வகுத்தால் 71. அந்த லென்ஸின் முன்கண்ணாடி குறைந்தது 71 மில்லிமீட்டர் அகலம் இருந்தே ஆக வேண்டும். கேனான், நிக்கான், சோனி மூன்றின் 70-200 எஃப் 2.8 லென்ஸ்கள் பலவற்றுக்கும் ஃபில்டர் வளையம் 77 மில்லிமீட்டராக இருப்பது தற்செயல் இல்லை. அவ்வளவு கண்ணாடியைச் சுமப்பதால்தான் எடை ஒரு கிலோவைத் தாண்டுகிறது, புது லென்ஸின் விலை லட்சங்களில் போகிறது. வாடகைக் கடைகள் பிழைப்பதும் அதனால்தான். 85 எஃப் 1.8 லென்ஸை எடுங்கள்: 85-ஐ 1.8-ஆல் வகுத்தால் 47. உள்ளங்கையில் அடங்கும். கேனானின் பழைய 85 எஃப் 1.8 வெறும் 425 கிராம்தான். ஆனால் 70-200 எஃப் 2.8 தருவதைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான ஒளியை அது தருகிறது. வாடகையும் குறைவு.

அப்படியானால் எல்லோரும் 85-ஐ எடுத்துக்கொண்டு போய்விடலாமா? இங்கேதான் தூரம் குறுக்கே வருகிறது.

நான் வைத்திருக்கும் கணக்கு இது. கையை உயர்த்தி எழும்பும் ஆளுக்குக் கீழேயும் மேலேயும் கொஞ்சம் இடம் விட்டால் 2.7 மீட்டர் உயரம் தேவை. கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து எடுக்கும்போது, ஃபுல் ஃபிரேம் கேமரா என்றால் தூரத்தை மீட்டரில் எடுத்து 13-ஆல் பெருக்குங்கள். வருவதுதான் உங்களுக்குத் தேவையான மில்லிமீட்டர். நான்கு மீட்டர் என்றால் 52. ஏழு மீட்டர் என்றால் 91. பதினைந்து மீட்டர் என்றால் 195. கடையில் கிடைக்கும் 50, 85, 200 ஆகியவை இந்த மூன்றுக்கும் பொருந்துகின்றன. சென்சார் சிறியதாக இருக்கும் கிராப் கேமரா என்றால் 13-க்குப் பதில் 9. அதாவது அந்தக் கேமராவில் 50 லென்ஸ் ஐந்தரை மீட்டருக்கும், 85 லென்ஸ் ஒன்பது, ஒன்பதரை மீட்டருக்கும் சரியாக வரும்.

இந்தக் கணக்கோடு ஆட்டக்களத்துக்குப் போவோம். ஆண்கள் கபடி மேட் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். மேட்டின் ஓரத்தில் தரையில் உட்கார இடம் கிடைத்தால் பாடிப்போகிறவர் உங்களிடமிருந்து நான்கு முதல் எட்டு மீட்டருக்குள்தான் இருப்பார். அங்கே 70-200 கொண்டுபோனால் பாதி நேரம் வெறும் தோளும் தொடையும்தான் கிடைக்கும். 50-ம் 85-ம் போதும். வாலிபால் ஆடுகளம் 18-க்கு 9. வலைக்கம்பத்துக்குப் பக்கவாட்டில் சற்றுத் தள்ளி நின்றால் அடிப்பவர் ஐந்தாறு மீட்டரில். எதிர்ப்பக்கக் கடைக்கோட்டுக்குப் பின்னால் நின்றால் வலைக்கு மேல் எழும்பும் முகம் பதினொன்று, பன்னிரண்டு மீட்டரில். முகம் வேண்டும் என்றால் இரண்டாவது இடம்தான், அதற்கு 135 அல்லது 70-200. கூடைப்பந்தில் வளையத்தின் பக்கம், எல்லைக்கோட்டுக்கு வெளியே உட்கார்ந்தால் ஆட்டமே உங்களைத் தேடி வரும், 85 போதும். காலரியில்தான் இடம் என்று சொல்லிவிட்டார்களா? யோசிக்காமல் 70-200 எஃப் 2.8 எடுத்துவிடுங்கள். கூடவே 2 மடங்கு டெலிகன்வர்ட்டர் தருகிறேன் என்றால் வேண்டாம். அது எஃப் 2.8-ஐ எஃப் 5.6 ஆக்கிவிடும், புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடுவோம்.

பாட்மின்டனைப் பற்றி ஒரு வார்த்தை. 2023-இல் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி அடித்த ஸ்மாஷ் மணிக்கு 565 கிலோமீட்டர் என்று கின்னஸ் பதிவு செய்தது. அந்த வேகத்தை எந்த ஷட்டரில் பிடிப்பது என்று மலைக்க வேண்டாம். காற்றின் தடையால் இறகுப்பந்தின் வேகம் நொடியில் சரிந்துவிடும். அடித்த கணத்தில் அது கோடாகத் தெரிந்தாலும் படம் கெடாது. கண் தெளிவாக இருக்கிறதா, அதைப் பாருங்கள்.

வாசல் பெரியதாக இருந்தால் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். கேனானின் 85 எஃப் 1.2 மணமேடைப் படங்களுக்குப் புகழ்பெற்ற லென்ஸ். அதன் பழைய இஎஃப் வகையில் ஃபோகஸ் செய்ய நகர வேண்டிய கண்ணாடி கனமானது, மெதுவாகத்தான் நகரும். நிற்கும் மணப்பெண்ணுக்கு அது போதும். பாய்ந்து வரும் கபடி ரெய்டருக்குப் போதாது. ஆட்டத்துக்கு லென்ஸ் எடுக்கும்போது எஃப் 1.2 என்ற எண்ணில் மயங்கிவிடாமல், ஃபோகஸ் எவ்வளவு விரைவாக ஓடுகிறது என்று கேளுங்கள். இன்னொன்று, வாசலைப் பெரிதாகத் திறந்தால் தெளிவின் ஆழம் குறையும். ஏழு மீட்டரில் 85 லென்ஸை எஃப் 1.8-இல் வைத்தால் முன்னும் பின்னுமாகச் சேர்த்து முக்கால் மீட்டருக்கும் குறைவாகத்தான் தெளிவு. தனி ஆளுக்கு அது அழகு. கபடியில் கை கோத்து நிற்கும் தடுப்பாளர்களின் செயின் முழுவதும் ஒருவரைச் சூழ்ந்து அமுக்கும் படம் வேண்டும் என்றால் எஃப் 2.8-க்குக் குறுக்கி, ஐஎஸ்ஓவை ஏற்றிக்கொள்ளுங்கள்.

அரங்க விளக்குகள் செய்யும் ஒரு வேலையை லென்ஸின் தலையில் கட்டிவிடக் கூடாது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய மெட்டல் ஹாலைடு விளக்குகள் வினாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். 1/1000 வினாடியில் தொடர்ந்து எடுத்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மஞ்சள் பாரித்தும் வரும். லென்ஸை மாற்றிப் பயன் இல்லை. கேமரா மெனுவில் ஆன்டி-ஃபிளிக்கர் இருந்தால் அதைப் போடுங்கள். 2014-இல் கேனான் 7டி மார்க் 2 கொண்டுவந்த வசதி இது. பிறகு வந்த கேமராக்கள் பலவற்றிலும் உண்டு.

முடிந்தால் முந்தைய நாளே அரங்கத்துக்குப் போய் விளக்கைப் போடச் சொல்லி, எஃப் 2.8 அளவுக்கு ஒரு சோதனைப் படம் எடுங்கள். உட்காரப்போகும் இடத்திலிருந்து வலை வரை காலால் அளந்துவிடுங்கள். பிறகு கடைக்கு. மவுண்ட் உங்கள் கேமராவுக்குச் சேருமா என்பதில் தொடங்கி, செல்போன் டார்ச்சை லென்ஸின் பின்பக்கமாக அடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி நூல் போலத் தெரிந்தால் அது பூஞ்சை. கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் லென்ஸுக்கு வரும் நோய் அது. கடை வாசலிலேயே எதிரே உள்ள பெயர்ப்பலகையை, லென்ஸின் வாசலை முழுதும் திறந்து வைத்து எடுத்து, பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்துக்கு முன்னோ பின்னோ ஃபோகஸ் விழுந்தால், டிஎஸ்எல்ஆர் கேமராவாக இருக்கும் பட்சத்தில், மெனுவில் ஃபோகஸைச் சற்றே திருத்தும் வசதி இருக்கிறதா என்று தேடுங்கள். அது பல நடுத்தர, உயர்ரக மாடல்களில் உண்டு. முன்பணம் கட்டும் முன் லென்ஸில் இருக்கும் கீறல்களைக் கடைக்காரர் முன்னாலேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரு தரப்புக்கும் நல்லது.

அடுத்த ஆண்டு அதே அரங்கத்துக்கு 85 எஃப் 1.8 ஒன்றை வாடகைக்கு எடுத்துப் போனேன். முதல் முறை எஃப் 5.6, ஐஎஸ்ஓ 1600, 1/60 வினாடி. இந்த முறை எஃப் 1.8, ஐஎஸ்ஓ 3200, 1/1000 வினாடி. விளக்குகள் அதே விளக்குகள்தான். வலைக்கம்பத்திலிருந்து ஏழு மீட்டரில் முட்டி போட்டு உட்கார்ந்தேன். இந்த முறை ஆடியது வேறொரு பெண். நடுவிரலில் சுற்றியிருந்த வெள்ளை பிளாஸ்டரின் ஓரம் பிரிந்து நிற்பது வரை படத்தில் விழுந்திருந்தது. இடைவேளையில் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேமராத் திரையில் காட்டினேன். தன் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. திரையில் விரலை வைத்துத் தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு முறை கோடு இழுத்தாள். பிறகு பெஞ்சில் உட்கார்ந்திருந்த பயிற்சியாளரைப் பார்த்துச் சத்தம் போட்டாள்: "சார், இங்க வந்து பாருங்க சார். முழங்கை இறங்கல!"