இருட்டுச் சவாரியில் ஃப்ளாஷ் அடிக்கலாமா?

அமெரிக்காவில் இருக்கும் மகனோ மகளோ உங்களை டிஸ்னிலேண்டுக்கு அழைத்துப் போகப்போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கலிபோர்னியாவின் அனாஹெய்ம் நகரில் 1955-இல் திறந்த பூங்கா அது. வெளியே எவ்வளவு வேண்டுமானாலும் படம் எடுக்கலாம். ஆனால் அங்கே இருட்டுக்குள் ஓடும் சவாரிகள் சில உண்டு. அவற்றில் ஏறும் முன் உங்கள் போனில் ஒரு சிறு வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

இருட்டுச் சவாரி என்றால் என்ன?

ஒரு பெரிய கட்டடத்துக்குள் உங்களை வண்டியிலோ படகிலோ உட்கார வைத்து, மெதுவாக நகர்த்தி, வழியெங்கும் கதைக் காட்சிகளைக் காட்டுவார்கள். டார்க் ரைடு என்பது அதன் பெயர். ‘பீட்டர் பேன்ஸ் ஃப்ளைட்’ பூங்கா திறந்த நாளிலிருந்தே ஓடுகிறது. கடற்கொள்ளையர் கதையான ‘பைரேட்ஸ் ஆஃப் த கரீபியன்’ 1967-இல் வந்தது. பேய் மாளிகையான ‘ஹான்டட் மேன்ஷன்’ 1969-இல் வந்தது.

அங்கே படமே எடுக்கக் கூடாதா?

எடுக்கலாம். ஃப்ளாஷ்தான் கூடாது. பேய் மாளிகையில் வண்டி ஏறும் முன் ஒலிபெருக்கியில் வரும் குரலே அதைச் சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில், பேய்க்குரலில் சொல்வதால் முதல் முறை போகிறவர்கள் பலருக்குக் காதில் விழாமல் போய்விடும். வயதான அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்கள், வரிசையில் நிற்கும்போதே தமிழில் சொல்லிவிடுங்கள்.

ஒரு நொடிகூட இல்லாத வெளிச்சம். அதில் என்ன கெட்டுவிடும்?

காட்சியே கெட்டுவிடும். இந்தச் சவாரிகளுக்கு இருட்டு வெறும் பின்னணி இல்லை, மூலப்பொருள். பேய் மாளிகையின் விருந்து மண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மேலிருந்து பார்க்க, கீழே பேய்கள் ஜோடி ஜோடியாகச் சுழன்று ஆடும். அவற்றின் உடல் வழியே பின்னால் இருக்கும் நாற்காலி தெரியும். சட்டென்று தோன்றும், சட்டென்று மறையும். பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும்.

இதைச் செய்வது ஒரு பழைய மேடை உத்தி. 1862-இல் லண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் என்ற அறிவியல் ஆசிரியர் அதை மேடையில் காட்டினார். அதனால் ‘பெப்பரின் பேய்’ என்றே அதற்குப் பெயர். உங்களுக்கும் மண்டபத்துக்கும் நடுவே மிகப் பெரிய கண்ணாடித் தடுப்பு இருக்கிறது. இருட்டில் அது தெரியாது. ஆடும் பொம்மைகள் மண்டபத்தில் இல்லை. உங்கள் கண்ணில் படாத இருட்டறைகளில் இருக்கின்றன. அவற்றின் மேல் விளக்கு விழும்போது பிம்பம் கண்ணாடியில் பட்டு, மண்டபத்துக்குள் பேய் நிற்பது போலத் தெரியும். விளக்கு அணைந்தால் பேய் மறையும்.

இப்போது நீங்கள் ஃப்ளாஷ் அடித்தால் என்ன ஆகும்? வெளிச்சம் நேராகப் போய்க் கண்ணாடியில் மோதித் திரும்பும். அதுவரை இல்லாத கண்ணாடி எல்லோர் கண்ணுக்கும் தெரிந்துவிடும். மங்கலான பிம்பங்களான பேய்கள் அந்த வெளிச்சத்தில் காணாமல் போகும். வண்டிகள் இடைவெளியே இல்லாமல் சங்கிலி போல வருவதால், மண்டபத்தைப் பார்த்தபடி பலர் ஒரே நேரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு தடவை அடித்த ஃப்ளாஷ் அவர்கள் அத்தனை பேருக்கும் காட்சியை உடைத்துவிடும்.

பீட்டர் பேன் சவாரியில் கதை வேறு. அங்கே கப்பல் போன்ற வண்டி மேலே இருக்கும் தண்டவாளத்தில் தொங்கியபடி போகும். கீழே இரவு நேர லண்டன் மினுங்கும். அந்த மினுக்கத்தில் பெரும்பங்கு புற ஊதா ஒளியால் (கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாத ஒளி, சிறப்புப் பூச்சுகளை மட்டும் ஒளிர வைக்கும்) வருவது. ஃப்ளாஷ் விழுந்தால் பூச்சின் ஒளிர்வு அமுங்கி, கறுப்படித்த சுவரும் மேலே ஓடும் இரும்பும் பளிச்சென்று தெரியும். பறக்கிறோம் என்று நம்பிக்கொண்டிருந்த குழந்தைக்கு அது பெரிய இழப்பு.

வெளிச்சம் போனதும் கண் பழையபடி ஆகிவிடாதா?

உடனே ஆகாது. இருட்டில் பார்ப்பதற்கு நம் விழித்திரையில் தனிச் செல்கள் இருக்கின்றன. அவற்றில் உள்ள ரொடாப்சின் (மங்கலான ஒளியைப் பிடிக்கும் நிறமிப் பொருள்) பலமான வெளிச்சம் பட்டால் சிதைந்துவிடும். அது முழுவதும் மீண்டு, கண் இருட்டுக்கு நன்றாகப் பழக இருபது முப்பது நிமிடம் பிடிக்கும். ஒரு ஃப்ளாஷ் எல்லாவற்றையும் அழித்துவிடாதுதான். ஆனால் முகத்துக்கு நேரே அடித்தால், கண்ணுக்குள் ஒரு வெள்ளைத் திட்டு மிதந்துகொண்டிருக்கும். பேய் மாளிகைச் சவாரியே பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. மணிக்கணக்கில் வரிசையில் நின்று வந்தவர், அந்தத் திட்டு மறையும் வரை கடக்கும் காட்சிகளை இழந்துவிடுவார்.

எனக்காவது நல்ல படம் கிடைக்குமா?

கிடைக்காது. நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். போனின் ஃப்ளாஷ் உருப்படியாக எட்டுவது இரண்டு மூன்று மீட்டர். ஒளி தூரம் போகப் போக வேகமாகக் குறையும். இரண்டு மீட்டரில் கிடைக்கும் வெளிச்சத்தில் ஒன்பதில் ஒரு பங்குதான் ஆறு மீட்டரில் கிடைக்கும். ஆகவே உங்கள் படத்தில் முன் இருக்கையின் முதுகும் யாரோ ஒருவர் தலையும் பளபளவென்று விழும். காட்சி இருண்டே கிடக்கும். செயற்கைப் புகை இருந்தால் படம் முழுக்க வெள்ளைப் படலம்தான்.

அப்படியானால் எப்படி எடுப்பது?

முதல் வேலையை வரிசையிலேயே முடியுங்கள். கேமராவைத் திறந்து, மின்னல் குறியைத் தொட்டு ஃப்ளாஷை முழுவதும் அணையுங்கள். ‘ஆட்டோ’ என்று இருந்தால் போதாது. இருட்டைக் கண்டதும் போன் தானாகவே ஃப்ளாஷ் அடிக்கும். இப்படி நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை வேண்டுமென்று செய்தவையல்ல, ஆட்டோவில் கிடந்த போன்கள் செய்தவை என்றே நினைக்கிறேன். கேமராவை ஒரு தடவை மூடித் திறந்து, அணைத்தது அணைந்தபடி இருக்கிறதா என்றும் பாருங்கள். தனிக் கேமரா வைத்திருந்தால், ஃபோகஸ் பிடிக்க முன்பக்கம் எரியும் சிறு விளக்கையும் மெனுவில் போய் நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது திரை. அதன் வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் குறையுங்கள். சினிமா தியேட்டரில் முன்வரிசைக்காரர் போனைத் திறந்தால் நம் கண் எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். போனை முகத்துக்கு மேலே தூக்காமல் நெஞ்சருகே பிடியுங்கள். செல்ஃபி குச்சி கொண்டு போகாதீர்கள். டிஸ்னி பூங்காக்கள் 2015-லேயே அதைத் தடை செய்துவிட்டன.

நைட் மோடை நம்ப வேண்டாம். அது சில நொடிகளுக்குத் தொடர்ந்து ஒளியைச் சேர்த்துப் படமாக்கும். வண்டி நகர்வதால் எல்லாம் இழுபட்டுவிடும். காட்சியில் இருப்பதிலேயே வெளிச்சமான இடத்தைத் திரையில் தொட்டு, அதற்கேற்ப எடுங்கள். தனிக் கேமராவில் ஐஎஸ்ஓவை (ஒளியை வாங்கும் கூர்மை) 3200, 6400 என்று ஏற்றி, லென்ஸை முழுதாகத் திறந்துவிடலாம். புள்ளி புள்ளியாகத்தான் வரும். ஆனாலும் நீங்கள் பார்த்த நிறத்தில் வரும்.

வீடியோவுக்கு டார்ச் போடலாமா? வேண்டவே வேண்டாம். ஃப்ளாஷாவது ஒரு கணம். டார்ச் காட்சி முழுக்க எரிந்துகொண்டிருக்கும்.

பூங்காவே ஃப்ளாஷ் அடிக்கிறதே?

நியாயமான கேள்வி. ‘ஸ்பேஸ் மவுன்டன்’ போன்ற வேகச் சவாரிகளில் உங்கள் முகத்தைப் படம் பிடித்து விற்கிறார்கள். ஆனால் அது ஒரே இடத்தில், சவாரி முடியும் தறுவாயில், கெடுப்பதற்குக் காட்சி ஏதும் இல்லாத இடமாகப் பார்த்து வைத்தது. அந்தக் கணக்கு நம் கையில் இருக்கும் ஃப்ளாஷுக்கு இல்லை.

பக்கத்தில் ஒருவர் அடித்துக்கொண்டே இருந்தால்?

ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்: “உங்கள் ஃப்ளாஷ் தானாக எரிகிறது போலிருக்கிறது.” பெரும்பாலும் பதறி அணைத்துவிடுவார்கள். தொடர்ந்தால் இருட்டில் சண்டை வேண்டாம். வண்டியிலிருந்து எழுந்து நிற்கவும் கூடாது. இறங்கும் இடத்தில் இருக்கும் ஊழியரிடம் சொல்லுங்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

உங்கள் போனே தெரியாமல் எரிந்துவிட்டால், உடனே திரையைக் கவிழ்த்து, அருகில் இருப்பவரிடம் ஒரு “சாரி” சொல்லிவிடுங்கள். அங்கேயே அமைப்பைத் தேடித் திரையைத் தட்டிக்கொண்டிருந்தால் இன்னொரு முறை எரியும். பைக்குள் போட்டுவிட்டு, இறங்கி வெளிச்சத்துக்கு வந்த பிறகு சரி செய்துகொள்ளலாம்.