எண்ணிக்கை பிழைக்கும்போது

மனித உடற்கலமொன்றில் பொதுவாக 46 நிறமூர்த்தங்கள் உள; தந்தை வழி 23, தாய் வழி 23. பரம்பரை இயல்புகளைத் தாங்கி வருவன இவையே. இவ்வெண்ணிக்கையைச் சுவீடனின் லுண்ட் நகரில் சியோ, லெவான் என்னும் அறிஞர் இருவர் 1956 இல் வெளியிட்டனர்.

முட்டையும் விந்தும் உண்டாகும்போது, ஒவ்வொரு சோடியும் பிரிந்து பாதியாதல் வேண்டும். ஒரோவழி ஒரு சோடி பிரியாது ஒருபக்கமே சென்றுவிடுகிறது. அத்தகைய முட்டை கருக்கட்டின், குழந்தைக்கு 47 நிறமூர்த்தங்கள் அமைந்துவிடும். 21 ஆம் நிறமூர்த்தம் இவ்வாறு மூன்றாவதே டவுன் நோய்க்குறித்தொகுதி எனப்படும் நிலைக்குப் பெரும்பாலும் காரணம். அதன் அடையாளங்களை ஆங்கில வைத்தியர் லாங்டன் டவுன் 1866 இல் விவரித்தார். காரணமோ 1959 இலேயே பாரிசிலிருந்து அறிவிக்கப்பட்டது.

தாயின் வயது ஏற ஏற இப்பிழை நேரும் வாய்ப்பு மிகும். அவளுடைய முட்டைகள் அவள் பிறக்குமுன்பே பிரிவைத் தொடங்கி, பல்லாண்டுகள் இடைநிற்பவை. ஆயினும் இளந்தாய்மாருக்கும் இது நேர்வதுண்டு.

ஆதலின் கிரகணத்தையோ, உண்ட உணவையோ, முன்வினையையோ காரணங்காட்டித் தாயைப் பழித்தல் தகாது. மிகுந்த நிறமூர்த்தத்தை நீக்கும் மருந்து இல்லை. எனினும் வைத்திய கவனிப்பும் பொறுமையான போதனையும் கிடைத்தால், இக்குழந்தைகள் தமக்குரிய வேகத்தில் கற்பர். அவர்களுக்கு வேண்டியது வகுப்பறையில் ஓரிடம்.