மிகையாகச் சொல்வதெல்லாம் பொய்யா?

ஜப்பான்காரன் காலத்தில், 1942, 1943-ஆம் ஆண்டுகளில், சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடப்பட்டது. கெடா தோட்டங்களிலிருந்தும் தமிழர்கள் அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். போனவர்களில் மிகப் பலர் திரும்பவில்லை. உயிரோடு திரும்பியவர்களின் மனக் காயத்தைச் சோதித்துப் பார்க்க அந்நாளில் ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. அந்தக் காயத்துக்கு இன்று வழங்கும் பெயர்கூட அன்று மருத்துவ நூலில் இல்லை.

இன்றைய பெயர் மருத்துவ நூலில் ஏறியது 1980-இல். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் கெட்ட கனவாலும் திடுக்கிடலாலும் பட்ட பாட்டைக் கண்டு, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் அதை ஒரு நோயாகப் பதிவு செய்தது. நோய் என்றால் உதவித்தொகை உண்டு. அதோடு, "பணத்துக்காகக் கள்ள நோவு காட்டுகிறாரோ?" என்ற ஐயமும் வந்தது.

காய்ச்சலைக் கருவி வைத்துப் பார்க்கலாம். மனத்தைப் பார்ப்பது எப்படி? அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உருவாகி, 1943-இல் வெளிவந்த வினாத்தாள் ஒன்று உண்டு. 1989-இல் திருத்தப்பட்ட தாளில் 567 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 'சரி' அல்லது 'தவறு' என்று குறிக்க வேண்டும். சாதாரண மக்கள் அரிதாகவே சொல்லும் பதில்களை ஒருவர் அளவுக்கு மீறிச் சொன்னால், அவர் மிகைப்படுத்துகிறாரோ என்று சந்தேகிப்பார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. மெய்யாகவே நொந்துபோன வீரர்களுக்கும் அந்த எண் உயர்ந்தே வந்தது. பெருந்துன்பத்தில் இருப்பவர் சாதாரண மனிதரைப் போலப் பதில் சொல்வாரா? ஆகவே 1995-இல் ஆர்பிசி, பென்-போராத் என்னும் ஆய்வாளர்கள், மனநல மருத்துவமனை நோயாளிகளும் அரிதாகவே சொல்லும் பதில்களைத் திரட்டிப் புதிய அளவுகோல் ஒன்றை அமைத்தனர். அதுவும் தனித்து நின்று தீர்ப்புச் சொல்லாது. நேரில் பேசியும், பழைய பதிவுகளைப் பார்த்தும், குடும்பத்தாரைக் கேட்டும் முடிவு செய்வதே முறை.

விபத்துக்குப் பிறகு சொக்சோ மருத்துவக் குழுவின் முன் நிற்கும் நம்மவருக்கும் இது பயன்படும். "எல்லாம் போச்சு" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். வாரத்தில் எத்தனை இரவு தூக்கமில்லை, எப்போது தொடங்கியது, எந்த வேலையைச் செய்ய முடியவில்லை என்று சொல்லுங்கள். நம்பமாட்டார்களோ என்று பயந்து கூட்டவும் வேண்டாம். வெட்கப்பட்டுக் குறைக்கவும் வேண்டாம். உடனிருந்து பார்த்தவர் ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒருவர் தம் வேதனையைச் சற்றுக் கூட்டிச் சொன்னாலும், "நடிக்கிறான்" என்று தள்ளிவிடாதீர்கள். உள்ளே வேதனை இல்லாமல் போய்விடவில்லை.