மஸ்கடைன் திராட்சை: பெயரும் பழமும் மாத்திரையும்

வெளிநாட்டு உறவினர் அன்புடன் கொண்டுவரும் சத்து மாத்திரைப் புட்டிகளுள் ‘மஸ்கடைன் திராட்சை’ என்னும் பெயர் தாங்கியவையும் உண்டு. அவற்றை உட்கொள்ளுமுன் அப்பெயரின் பொருளை அறிந்துகொள்வது நலம்.

மஸ்கடைன், அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் இயற்கையாக வளரும் திராட்சை. தாவரவியலார் இதனை ‘வைட்டிஸ் ரோட்டண்டிஃபோலியா’ என்பர். நாம் கடையில் வாங்கும் திராட்சை பெரும்பாலும் ‘வைட்டிஸ் வினிஃபெரா’ என்னும் வேறோர் இனம். அதன் குரோமோசோம்கள் 38, மஸ்கடைனுக்கு 40. மஸ்கடைன் பெருங்கொத்தாகத் தொங்குவதில்லை. சில பழங்களே ஒருங்கு காய்த்து, ஒவ்வொன்றாகப் பழுக்கும். தோல் தடித்தது. கொடிகளை அழிக்கும் பியர்ஸ் நோயைத் தாங்கும் வலிமை இதற்கு உண்டு.

ஐரோப்பாவின் நறுமண மஸ்கட் திராட்சையை ஒட்டியே மஸ்கடைன் என்னும் பெயர் அமைந்தது. எனினும் இரண்டும் ஒன்றல்ல. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் வகையைச் சேர்ந்தது. அதுவும் மஸ்கடைன் அன்று. மஸ்கடைன் என்ற சொல் கொடியையும் பழத்தையும் அதிலிருந்து வடிக்கும் மதுவையும் குறிக்கும்.

இதன் வகைகள் நிறத்தால் இருவகைப்படும். வெண்கல நிறத்தவற்றுள் மிகப் பழையது ஸ்கப்பர்னாங்; வட கரோலினாவின் ஓர் ஆற்றின் பெயரைப் பெற்றது. கார்லோஸ், ஃப்ரை என்பவையும் வெண்கல நிறத்தவை. நோபிள் கருநிறத்தது. ஃப்ரை கொடியில் பெண் பூக்களே பூப்பதால், காய்ப்பதற்கு அருகில் வேறு வகைக் கொடி வேண்டும்.

தோலிலும் விதையிலும் உள்ள எல்லாஜிக் அமிலம் முதலிய பொருள்களைக் காட்டியே மாத்திரைகள் விற்கப்படுகின்றன. ஆய்வுக்கூடத்தில் கிட்டும் நம்பிக்கை, நோயாளியிடம் மெய்ப்பட வேண்டும். சிகிச்சைக்குப் பின் இரத்தப் பரிசோதனையில் புராஸ்டேட் புற்றுநோய் மீண்டும் தென்பட்ட 125 பேரிடம் மஸ்கடைன் தோல் சாறு சோதிக்கப்பட்டு, 2018இல் முடிவு வெளியாயிற்று. மொத்தமாக நோக்கியபோது, போலி மாத்திரை பெற்றவர்களைக் காட்டிலும் குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை.

ஆகவே அன்பர்கள் கருத்தில் கொள்ள வேண்டியவை சில. எந்தச் சாற்று மாத்திரைக்காகவும் நடைபெறும் சிகிச்சையை நிறுத்தலாகாது. குருதி உறையாமைக்கு மருந்து உண்போரும், அறுவைச் சிகிச்சையை எதிர்நோக்கி இருப்போரும் இத்தகைய மாத்திரைகளைப் பற்றி மருத்துவரிடம் மறைக்காமல் கூறுதல் வேண்டும். புட்டியையே உடன் கொண்டுவருதல் இன்னும் நன்று. திராட்சை எவ்வகையாயினும் அதில் சர்க்கரை உண்டு. எனவே நீரிழிவு உள்ளோரும், உணவில் பொட்டாசியத்தைக் குறைக்குமாறு அறிவுறுத்தப்பட்ட சிறுநீரக நோயாளரும் உண்ணும் அளவை உணவியல் வல்லுநரிடம் கேட்டறிக.

பழம் உணவு, அதன் சாற்றை அடைத்த மாத்திரை வேறு. பெயர் ஒன்றாயினும் இரண்டையும் ஒன்றாக எண்ணாதிருப்பதே நோயாளிக்குப் பாதுகாப்பு.