கேத்தலை எறிந்துவிடாதீர்கள்

குடிபூரலுக்கு அக்கா வாங்கித் தந்த கேத்தல். நாலு மாதம்கூட ஆகவில்லை. ஒரு சனிக்கிழமை காலை கொதித்த தண்ணீரோடு தூக்கினேன். கைபிடி மட்டும் என் கையில் நின்றது, கேத்தல் கழன்று விழுந்தது. பக்கத்தில் நின்ற ஆறு வயது மகளின் முன்கையில் தண்ணீர் கொட்டியது. இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் கையைப் பிடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

திரும்பி வந்தபோது அம்மா அடுப்படியைத் துடைத்து, கேத்தலைக் குப்பைக்குள் போட்டிருந்தா. "கண்ணூறு கழிஞ்சுது எண்டு நினைச்சு விடு தம்பி." எனக்கும் விடத்தான் மனம். தூக்கினது நான்தானே என்ற குற்ற உணர்ச்சி. ஆனாலும் அன்றிரவு டார்ச்சோடு போய் அதைக் குப்பைக்குள்ளிருந்து எடுத்து, அடியில் இருந்த மாடல் எண்ணைப் படம் பிடித்தேன். இந்த விஷயத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

நான் சட்டத்தரணி இல்லை, மென்பொருள் எழுதுகிறவன். கீழே இருப்பது இங்கிலாந்து, வேல்ஸ் சட்டம். வேறு நாட்டில் இருப்பவர்கள் உங்கள் ஊர்ச் சட்டத்தை விசாரியுங்கள்.

கடையோடு பேசுவதற்கு 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் இருக்கிறது. பழுதான பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அதற்குப் பிறகு, திருத்தவோ மாற்றித் தரவோ கடைக்கு ஒரு வாய்ப்பு. அதுவும் சரிவராவிட்டால் பணம். முதல் ஆறு மாதத்துக்குள் தெரிகிற பழுது வாங்கும்போதே இருந்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லையென்று கடைதான் காட்டவேண்டும். ஆனால் இந்த உரிமை வாங்கினவருக்கு. எங்கள் வீட்டில் அது அக்கா. கடைக்காரர் "பழசை அனுப்புங்கள், புதுசு தருகிறோம்" என்றதும் அவ பார்சல் கட்டத் தொடங்கிவிட்டா. ஃபோனிலேயே கத்தி நிறுத்தினேன். அனுப்பியிருந்தால் எங்களிடம் இருந்த ஒரே சாட்சியும் போயிருக்கும்.

காயத்துக்கு வேறு சட்டம்: 1987ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். யார் வாங்கினார் என்று அது பார்ப்பதில்லை, காயப்பட்டவர் கேட்கலாம். நிறுவனம் கவனமில்லாமல் இருந்தது என்று நிரூபிக்கவும் வேண்டாம். பொருள் எதிர்பார்க்கத்தக்க அளவு பாதுகாப்பாக இல்லை, அதனால்தான் காயம் என்று காட்டினால் போதும். தயாரித்தவர், தன் பெயரைப் பொறித்து விற்றவர், நாட்டுக்குள் இறக்குமதி செய்தவர் மூவருமே பொறுப்பு. இவர்கள் யாரென்று கேட்டும் கடை நியாயமான காலத்துக்குள் சொல்லாவிட்டால் கடையே பொறுப்பாளி ஆகிவிடும். இதை எழுதினவர் நல்ல புரோகிராமராக வந்திருப்பார் என்று தோன்றியது.

காலக்கெடுவில் கவனம் வேண்டும், இங்கே இரண்டு கடிகாரம் ஓடுகிறது. பொதுவாக மூன்று வருடம். பிள்ளைக்கு அது 18 வயதில்தான் ஓடத் தொடங்கும். ஆனால் தயாரித்தவர் அந்தப் பொருளைச் சந்தைக்கு விட்டு 10 வருடம் போனால் இந்தச் சட்டத்தின் கீழ் வழியே அடைபட்டுவிடும், பிள்ளையானாலும் சரி. ஆறு வயது மகளுக்கு 18 வரும்வரை பொறுக்கலாம் என்று இருந்தால் ஏமாந்துவிடுவோம்.

இதற்கிடையில் நிறுவனத்திடமிருந்து ஒரு கடிதம். 200 பவுண்ட் வவுச்சர், கூடவே "சகல கோரிக்கைகளும் தீர்ந்தன" என்று கையெழுத்து வைக்க ஒரு தாள். நான் பேனையை எடுத்துவிட்டேன். மனைவிதான், "வைக்க முன்னம் ஒருக்கா ஆரிட்டயும் கேளுங்கோவன்" என்றாள். பிள்ளைக்காகச் செய்யும் இணக்கம் நீதிமன்றம் அங்கீகரிக்காமல் கட்டுப்படுத்தாது என்று சட்டத்தரணி சொன்னபோதுதான் தெரிந்தது. அவரின் செலவுக்கு எங்கள் வீட்டுக் காப்புறுதியிலேயே இடம் இருந்தது. வருடக்கணக்காகக் கட்டுகிறேன், ஒருநாளும் வாசித்துப் பார்த்ததில்லை.

பெரிய சாமான் வாங்குகிறவர்களுக்கு ஒன்று: 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்ட் வரையான பொருளைக் கடனட்டையில் வாங்கினால், 1974ஆம் ஆண்டுக் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி கடையோடு சேர்த்து அட்டை நிறுவனமும் பொறுப்பு. கடை மூடுப்பட்டாலும் அங்கே கேட்கலாம்.

சிட்டிசன்ஸ் அட்வைஸுக்கும் ஃபோன் எடுத்துச் சொன்னோம், அவர்கள் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்கு அனுப்புவார்கள். அதே கேத்தல் இன்னும் எத்தனை அடுப்படியில் இருக்கிறதோ.

மகளின் கையில் தழும்பு இருக்கிறது. வழக்கு நடக்கிறது. கேத்தல் என் மேசைக்குக் கீழே ஒரு பெட்டியில். வரும்போதெல்லாம் அம்மா அதைக் காலால் தட்டிக் கேட்பா: "இந்தச் சனியனை எப்ப எறியப்போறாய்?"