காரையில் கிடைத்த முதுகெலும்பு யாருடையது?

2015இல் 'ஜுராசிக் வேர்ல்ட்' படம் பார்த்த பிள்ளைகளுக்கு மோசசாரஸை மறக்க முடியாது. தொட்டியிலிருந்து எம்பி, தொங்கவிட்ட சுறாவை ஒரே கவ்வில் விழுங்கும் அந்தக் கடல் ராட்சசன்! வடபழனியில் இன்று எந்தச் சிறுவனைக் கேட்டாலும் பெயரைப் பிழையில்லாமல் சொல்வான். ஆனால், இங்கிருந்து திருச்சி நெடுஞ்சாலையில் சுமார் 270 கிலோமீட்டர் போனால் வரும் பெரம்பலூர் வட்டாரத்தில், நிஜமான கடல் ஊர்வன ஒன்றின் எலும்புகள் மண்ணோடு கிடந்ததை அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அந்த ஆதங்கம்தான் இந்தக் கட்டுரை.

முதலில் மோசசாரஸ். 18ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் பிரம்மாண்டமான தாடைகள் கிடைத்தன. முதலை என்றார்கள் சிலர். திமிங்கிலம் என்றார் அறிஞர் பீட்ரஸ் காம்பர். அவருடைய மகன் அட்ரியான் அதே எலும்புகளை மறுபடி ஆராய்ந்து, 1799இல் இது உடும்புக்கு உறவு என்று எழுதினார். அப்பாவின் முடிவை மகன் மாற்றினார். பிரெஞ்சு அறிஞர் குவியே அதை ஏற்றுக்கொண்டார். 1822இல்தான் நிலவியலாளர் கோனிபேர் 'மோசசாரஸ்' என்று பெயரிட்டார். கீழ்த்தாடையின் நடுவே வளைந்துகொடுக்கும் மூட்டு அதற்கு உண்டு. உடும்பு இனத்தை நினைவூட்டும் அடையாளம் அது. நெருங்கிய சொந்தம் உடும்பா, பாம்பா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் பல்லி, ஓணான், உடும்பு, பாம்பு எல்லாம் அடங்கிய கூட்டத்தில்தான் அது சேரும் என்பதில் சந்தேகமில்லை.

நம் ஊர் விலங்கின் கதை வேறு. கிரெட்டேசியக் காலத்தில் இன்றைய பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளைக் கடல் மூடியிருந்தது. அந்தக் கடலடிச் சேறு இறுகியதுதான் ஊட்டத்தூர் பாறைத் தொகுதி. பெரம்பலூர் வட்டாரத்துக் காரை ஊரின் களிமண் மேடுகள் அதன் ஒரு பகுதி. இந்தத் தொகுதியில் கிடைத்த முதுகெலும்புகளை வைத்து, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ரிச்சர்ட் லிடெக்கர் 1879இல் 'இக்தியோசாரஸ் இண்டிகஸ்' என்று பெயர் சூட்டினார். கிண்ணங்கள் இரண்டை முதுகோடு முதுகாக ஒட்டியது போல, இரு பக்கமும் குழிந்த எலும்பு. இக்தியோசர்கள் என்ற கடல் ஊர்வனவற்றின் முத்திரை அது. இந்த விலங்கு பல்லியும் அல்ல, டைனோசரும் அல்ல. கடலுக்குத் திரும்பி, டால்பின் போன்ற உடலைப் பெற்ற தனிக் கிளை.

பெயர் அதோடு நிற்கவில்லை. இக்தியோசாரஸ் பேரினம் ஜுராசிக் காலத் தொடக்கத்தைச் சேர்ந்தது; நம் விலங்கைவிடக் கிட்டத்தட்ட பத்து கோடி ஆண்டு மூத்தது. ஆகவே இண்டிகஸ், 1922இல் ஆய்வாளர் ஹூனே உருவாக்கிய பிளாட்டிப்டெரிஜியஸ் பேரினத்துக்கு மாற்றப்பட்டது. காலப்போக்கில் கிரெட்டேசிய இக்தியோசர்கள் பலவற்றையும் அந்த ஒரே பேரினத்துக்குள் திணித்தார்கள். இப்போது ஆய்வாளர்கள் அதைப் பிரித்து அடுக்குகிறார்கள். அந்த வேலையில் இண்டிகஸ் தடுமாறுகிறது. முதுகெலும்பைப் பார்த்து 'இக்தியோசர்' என்று சொல்லிவிடலாம். எந்த இனம் என்று சொல்ல மண்டையோடு, பல், முன்துடுப்பு வேண்டும்.

இதனால் லிடெக்கரைக் குறை சொல்ல மாட்டேன். கையில் இருந்ததை வைத்துச் சொன்னார்; இன்று கூடுதலாகக் கேட்கிறோம். 2011இல் அண்டர்வுட், அஞ்சலி கோஸ்வாமி, பிரசாத் உள்ளிட்ட குழுவினர் காரை அடுக்கிலிருந்து சுறாப் பற்களையும் இக்தியோசர் எச்சங்களையும் விவரித்தார்கள். அந்த மண் இன்னும் வற்றிவிடவில்லை.

காரைக்குச் சுற்றுலா போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அம்மோனைட் புதைபடிவத்தையோ எலும்புத் துண்டையோ வீட்டு அலமாரிக்கு எடுத்து வராதீர்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்பது தெரியாவிட்டால் அதன் வயதைச் சொல்வது கடினம். கிடந்த இடத்திலேயே படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், நிலவியல் ஆய்வுத் துறைக்கோ, அருகிலுள்ள கல்லூரியின் நிலவியல் துறைக்கோ தகவல் கொடுங்கள். இண்டிகஸின் மண்டையோடு உங்கள் கண்ணிலேயே படலாம்.