காளானைத் திருப்பிப் பாருங்கள்

மழைக்குப் பின் வரப்பில் முளைக்கும் குடைக்காளானைத் திருப்பினால் அடியில் தகடுகள் தெரியும். ஐரோப்பியக் காடுகளில் முளைக்கும் சில காம்புக் காளான்களில் தகடுகளுக்குப் பதில் முட்கள்போல் பற்கள் தொங்கும். இவை பல் காளான்கள்.

இனம் பிரிப்பது எப்படி? காம்பை நீக்கி, பற்கள் கீழ்நோக்கக் குடையைத் தாளில் ஓரிரவு வைத்தால் வித்துத்தூள் படியும். தரையில் முளைப்பவற்றில் தூள் பழுப்பானால் ஹிட்னெல்லம் அல்லது சார்கோடான். வெள்ளையானால் சதையைப் பார்க்கவும்: எளிதில் நொறுங்கினால் பெரும்பாலும் ஹிட்னம், தோல்போல் இழுத்தால் ஃபெல்லோடான்.

ஹிட்னம் ரெபாண்டம் அங்கு விரும்பி உண்ணப்படுகிறது. உயிருள்ள மரவேருடன் கூடி வாழ்வதால் வைக்கோல் படுக்கையில் வளராது; அதற்குச் சிப்பிக் காளானே ஏற்றது.

தூளின் நிறம் இனம் பிரிக்க உதவுமே தவிர, நஞ்சைக் காட்டாது. பூச்சி தின்றிருக்கிறது, வெள்ளிக்காசு கறுக்கவில்லை என்று நம்பி, வரப்பில் முளைத்த இனம் தெரியாத காளானைச் சமைக்காதீர்கள்.